அந்த இரண்டு நொடி மௌனத்தையும் காப்பாற்றுங்கள்

அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தலைவருக்கும் முகாமைத்துவப் பணிப்பாளருக்கும் பணிப்பாளர் சபையினருக்கும்,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். இதன் ஆங்கில வடிவம் உங்கள் அல்டிமோ அலுவலகத்துக்குத் தனியே வந்து சேரும். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் பழைய சிறுவர் நிகழ்ச்சிப் பதிவுகளையும் அவற்றிலுள்ள குரல்களையும் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கப்போகும் விடயத்தில் எங்களவர்களுக்கும் பங்கு இருக்கிறது. என்னைப்போல் கைக்குழந்தைகளோடு இந்த நாட்டில் வந்திறங்கிய எத்தனையோ தாய்மார் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

1989 ஆம் ஆண்டின் கடைசியில் நாங்கள் சிட்னிக்கு வந்தோம். ஹோம்புஷில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், இரண்டு அறைகள் கொண்ட ஒரு மாடிக் குடியிருப்பு. கணவருக்கு இரவு வேலை. அவர் பகலில் தூங்குவார். அதனால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, நானும் மூன்று வயது மகளும் பெட்டிக்கு மிக அருகில் பாய் விரித்து உட்கார்ந்திருப்போம். அந்தக் குறைந்த சத்தத்திலும் ஒரு குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அது உங்கள் 'பிளே ஸ்கூல்' என்ற பாலர் நிகழ்ச்சியில் வந்த நடிகை நோனி ஹேசல்ஹர்ஸ்ட் அவர்களின் குரல்.

ஒருநாள் அவர் ஒரு அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்தார். உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறாய் என்று கேட்டார். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நொடி இருக்கும். என் மகள் எழுந்து நின்று, "முயல்குட்டி" என்றாள். தமிழில்தான் சொன்னாள். அவளுக்கு அப்போது வேறு மொழி தெரியாது. நோனி தலையை ஆட்டினார். ஓம், அப்படியும் இருக்கலாம் என்பதுபோல் ஒரு சிரிப்பு. பிறகுதான் பெட்டியைத் திறந்தார். உள்ளே என்ன இருந்தது என்பது எனக்கு மறந்துவிட்டது. ஆனால் தான் சொன்னது அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது என்று என் மகள் ஓடிப்போய்த் தூங்கிக்கொண்டிருந்த தகப்பனை எழுப்பிச் சொன்னது மறக்கவில்லை.

இந்த நாட்டில் என் பிள்ளை பேசியதை முதன்முதலில் பொறுமையாகக் கேட்டவர் அவர்தான். கண்ணாடித் திரைக்கு அப்பால் இருந்துகொண்டு அப்படிக் கேட்பது எப்பேர்ப்பட்ட வித்தை என்று அன்று எனக்குத் தெரியாது. பின்னாளில் பாலர் பள்ளி ஒன்றில் உதவியாளராகப் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தபோதுதான் தெரிந்தது. ஒரு குழந்தையிடம் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருப்பது பெரியவர்களுக்கு மிகவும் கடினமான காரியம். வாய் தானாகவே விடையைச் சொல்லிவிடும். எதிரே பிள்ளை இருக்கும்போதே அப்படி. எதிரே ஒரு இரும்புக் கமராவும் அதைச் சுற்றி அவசரப்படும் ஆட்களும் நிற்க, காணாத ஒரு பிள்ளைக்காகக் காத்திருப்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும், எவ்வளவு அன்பு வேண்டும்!

நோனி 1978 இல் பிளே ஸ்கூலுக்கு வந்தார். 2001 வரை இருந்தார். இருபத்துமூன்று ஆண்டுகள். மெல்பேர்னில் 1953 இல் பிறந்தவர். இங்கிலாந்தின் பல்சுவை மேடைகளில் ஆடிப் பாடிப் பின்னர் இங்கே குடியேறிய பெற்றோரின் மகள். அடிலெய்டின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றவர். 'த சலிவன்ஸ்' தொடரில் லில் டுகன் என்ற பாத்திரமாக வீடுகளுக்கு அறிமுகமானார். பிளே ஸ்கூலில் சேர்ந்தபோது வயது இருபத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. விட்டுப்போனபோது, அவரைப் பார்த்து வளர்ந்த முதல் வரிசைப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்கள்.

அவரை நான் பல ஆண்டுகள் "சிறுவர் நிகழ்ச்சி அம்மா" என்று மட்டுமே நினைத்திருந்தேன். 1990 களின் நடுவில், ஆங்கிலம் ஓரளவு பிடிபட்ட பிறகு, வீடியோக் கடையில் ஒரு உறையில் அவர் முகத்தைக் கண்டு ஆசையோடு எடுத்து வந்தேன். 'மங்கி கிரிப்'. ஹெலன் கார்னரின் நாவலைக் கென் கேமரன் இயக்கி 1982 இல் வெளிவந்த படம். நோனி அதில் நோரா. மெல்பேர்ன் நகரத்து வீடுகளில் மகளோடு தனியே வாழும் பெண். ஹெரோயினுக்கு அடிமையான ஒருவனை விட முடியாமல் விரும்புகிறாள். பாதியிலேயே நிறுத்திவிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வளர்ந்த எனக்கு அந்த வாழ்க்கையைப் பார்ப்பதே கூச்சமாக இருந்தது. அதைவிட, என் பிள்ளையோடு பேசிய அந்த முகம் அங்கே இருந்ததுதான் தாங்கவில்லை. ஒரு கிழமை கழித்து மீண்டும் எடுத்து முழுவதும் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. அந்த நோரா தன் மகளின் பேச்சைக் கேட்கும்போது முகம் எப்படி நிற்கிறதோ, அதே முகம்தான் அட்டைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. இரண்டும் ஒரே நடிப்பு. ஒன்றுக்கு அவுஸ்திரேலியத் திரைப்பட நிறுவகம் சிறந்த நடிகை விருது கொடுத்தது. மற்றதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுவது என்று நாம் எண்ணினோம்.

1985 இல் 'ஃபிரான்'. கிளெண்டா ஹாம்ப்ளி என்ற பெண் எழுதி இயக்கிய படம், மேற்கு அவுஸ்திரேலியாவில் எடுத்தது. பிள்ளைகளை உயிராய் நேசித்தும் அவர்களைக் காக்கத் தெரியாத ஒரு இளம் தாய். தனக்கு யாராவது துணை வேண்டும் என்ற ஏக்கம் அவளைத் திரும்பத் திரும்பத் தவறான வாசலில் கொண்டுபோய் விடுகிறது. நாடு முழுவதும் நல்ல தாயின் முகமாக அறிந்திருந்த ஒருவர், அந்த நல்ல பெயர் உச்சத்தில் இருந்த வேளையில், இப்படி ஒரு தாயை எடுத்து நடித்தார். அந்தப் பெண்ணை நாம் வெறுக்க முடியாதபடி நடித்தார். அதற்கும் சிறந்த நடிகை விருது. பாலர் பள்ளியில் வேலை செய்த காலத்தில் ஃபிரானைப் போன்ற தாய்மாரை நான் வாசலில் சந்தித்திருக்கிறேன். மாலையில் பிள்ளையை எடுக்க நேரம் கடந்து ஓடி வருவார்கள். கண்ணைப் பார்க்க மாட்டார்கள். அவர்களோடு கடிந்து பேசாமல் இருக்க அந்தப் படம்தான் எனக்குக் கற்றுத்தந்தது.

இடையில் எத்தனையோ. மெல்பேர்ன் துறைமுகத் தொழிலாளர் போராட்டத்தைச் சொன்ன 'வாட்டர்ஃபிரண்ட்', போர்க்கால வீராங்கனை நான்சி வேக்காக நடித்த குறுந்தொடர், பிரையன் பிரவுனோடு 'த ஷிராலி', 1995 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வீடு தோட்டம் பற்றிய நிகழ்ச்சியின் தொகுப்பாளர், 'சிட்டி ஹோமிசைட்' தொடரில் பொலிஸ் மேலதிகாரி. இவற்றில் எல்லாம் எனக்கு ஒரே அளவு ஈடுபாடு இல்லை. ஆனால் 2005 இல் வந்த 'லிட்டில் ஃபிஷ்' வேறு. கப்ரமட்டாவில் நடக்கும் கதை. வியட்நாமிய அகதிகள் வேரூன்றிய பகுதி. எங்கள் ஹோம்புஷிலிருந்து அதிக தூரமில்லை. மகளாகக் கேட் பிளாஞ்செட், தாயாக நோனி. போதைப்பொருளால் பிள்ளைகளை ஏறக்குறையப் பறிகொடுத்த தாய், மகளின் ஒவ்வொரு அசைவையும் சந்தேகத்தோடு பார்க்கிறாள். அந்தச் சந்தேகமும் அன்புதான் என்பதைச் சமையலறையில் நிற்கும் நிலையிலேயே காட்டிவிடுகிறார். சிறந்த துணை நடிகை விருது கிடைத்தது.

அதற்குப் பிறகு 'எ பிளேஸ் டு கோல் ஹோம்'. 2013 முதல் 2018 வரை ஆறு பருவங்கள். இரண்டு பருவங்களோடு ஒரு தொலைக்காட்சி கைவிட்டதை இன்னொன்று எடுத்து நடத்தியது. எலிசபெத் பிளை என்ற இறுகிய மாமியாராக வந்து, ஆண்டுகள் செல்லச் செல்லத் தன் பிடிவாதங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும் பெண்ணாக மாறினார். அறுபதைத் தாண்டிய நடிகைக்கு ஒரு பாத்திரம் முழுதாக மாறுவதற்கு இடம் கிடைப்பது எந்த நாட்டிலும் அரிது. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் யாரும் எடுக்க மாட்டோம். டேனியல் கீன் எழுதிய 'மதர்' என்ற நாடகத்தில் வீடற்றுத் தெருவில் வாழும் பெண்ணாகத் தனி ஒருவராக மேடையில் நின்றார். 2024 இல் நினைவுக்குறிப்பு நூலும் எழுதியிருக்கிறார்.

2016 ஆம் ஆண்டு தொலைக்காட்சிக்கான லோகி விருது விழாவில் அவரைப் பெருமைக்குரியோர் வரிசையில் சேர்த்தார்கள். அந்த வரிசை 1984 இல் தொடங்கியது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் தனி ஒருவராக அதில் இடம்பெற்ற இரண்டாவது பெண் அவர். முதலாமவர் ரூத் கிராக்னெல். அவருக்கு 2001 இல் கிடைத்தது. இடையில் பதினைந்து ஆண்டுகள் எந்தப் பெண்ணும் இல்லை. அன்று மேடையில் நோனி தன்னைப் பற்றி அதிகம் பேசவில்லை. பிள்ளைகளின் கண்முன் அச்சத்தையும் வன்முறையையும் கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்றும், நல்லவற்றை மட்டும் சொல்லும் ஒரு அலைவரிசை இருந்தால் என்ன என்றும் கேட்டார். பளபளக்கும் உடைகளோடு அமர்ந்திருந்த அந்த மண்டபத்தில் அப்படிக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். நானும் மகளும் வீட்டில் எழுந்து நின்று கைதட்டினோம்.

இனி நான் எழுத வந்த விடயம்.

நோனியின் திரைப்படங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவற்றுக்கு விருதுகள் உண்டு, ஆய்வாளர்கள் உண்டு, மறுவெளியீடுகள் உண்டு. என் கவலை அந்த இருபத்துமூன்று ஆண்டுகளைப் பற்றியது. வாரநாள் காலைகளில் நாடு முழுவதும் பிள்ளைகள் பார்த்துவிட்டு மதியத்துக்குள் மறந்துபோகும் அரைமணி நேரங்கள் அவை. பிரபலமற்ற, அன்றாடமான, திரும்பத் திரும்ப நடந்த ஒன்றைத்தான் நிறுவனங்கள் முதலில் தொலைக்கின்றன. உங்கள் கூட்டுத்தாபனத்துக்கே இது தெரிந்த வரலாறு. 'கவுண்ட்டவுன்' இசை நிகழ்ச்சியின் முதல் ஆண்டுகளின் பதிவுகளில் பெரும்பகுதி, நாடாக்களை மறுபடி பயன்படுத்துவதற்காக அழிக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் ஓடிய 'பெல்பேர்ட்' தொடரில் எஞ்சியிருப்பது மிகச் சிலவே. அன்று அந்த முடிவை எடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். நாடா விலை கூடியது, அலுமாரியில் இடமில்லை. இது அன்றாட நிகழ்ச்சிதானே என்று நினைத்திருப்பார்கள்.

நாடாக்களுக்கும் ஆயுள் உண்டு. கன்பராவிலுள்ள தேசிய திரைப்பட ஒலிச் சுவடிக்காப்பகம் 2015 இலேயே எச்சரித்தது: காந்த நாடாவில் உள்ளவற்றை 2025 க்குள் எண்மிய வடிவுக்கு மாற்றாவிட்டால் பெரும்பாலானவை போய்விடும். நாடாவின் பூச்சு உதிர்கிறது. அதைவிட, அதை ஓட்டும் கருவிகளும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் மறைகின்றன. 2021 டிசம்பரில் கூட்டாட்சி அரசு தேசியச் சேகரிப்பு நிறுவனங்களின் எண்மியமாக்கலுக்கு 41.9 மில்லியன் டொலர் ஒதுக்கியது. நல்ல காரியம். நான் கேட்பது, அந்தப் பெரிய வேலைக்குள் இந்தச் சிறிய நிகழ்ச்சி எந்த இடத்தில் நிற்கிறது என்பதை எங்களுக்குச் சொல்லுங்கள் என்பதுதான். 1978 முதல் 2001 வரையான பிளே ஸ்கூல் பதிவுகளில் எவை முழுமையாக இருக்கின்றன, எவை இல்லை என்ற பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எதிரே, அதில் தோன்றிய இருவரின் பெயரோடு, பியானோ வாசித்தவர், எழுதியவர், நிகழ்ச்சியின் பொம்மைகளான ஜெமைமாவையும் பெரிய டெட்டையும் தைத்துப் பழுதுபார்த்தவர் என எல்லோர் பெயரும் இருக்கட்டும். பிளே ஸ்கூல் 1966 ஜூலை 18 அன்று முதன்முதலில் ஒளிபரப்பானது. 2026 ஜூலையில் அதற்கு அறுபது வயது. இதைவிட நல்ல தருணம் வேறு எது?

இருக்கும் பதிவுகளை உங்கள் இணையத் திரையில் திறந்து வையுங்கள். நடித்தவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் உரிய கொடுப்பனவைக் கொடுத்தே திறவுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நிகழ்ச்சியில் வரும் வட்ட யன்னல், சதுர யன்னல், வளைவு யன்னல் ஆகியவற்றின் ஊடாக அன்றைய தொழிற்சாலைகளையும் பால் பண்ணைகளையும் காட்டிய அந்தச் சிறு துண்டுப் படங்கள்கூட இன்று இந்த நாட்டின் சமூக வரலாறு. 1989 இல் நான் பார்த்த அவுஸ்திரேலியாவின் பெரும்பகுதி அந்த யன்னல்களால் வந்தது. வீட்டை விட்டு வெளியே போகப் பயந்திருந்த காலம் அது.

இன்னொன்றும் உண்டு. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். குரலைக் களவாடும் காலம் வந்திருக்கிறது. 2024 இல் அவுஸ்திரேலியக் குரல் நடிகர் சங்கம், செயற்கை நுண்ணறிவால் ஏறத்தாழ 5,000 உள்ளூர்க் குரல் கலைஞர்களின் வேலை ஆபத்தில் இருப்பதாகச் செனட் குழுவிடம் சொன்னது. 2025 ஏப்ரலில், சிட்னியின் ஒரு வானொலியில் மாதக்கணக்காக வாரநாட்களில் தினமும் நான்கு மணி நேரம் பேசிவந்த பெண் அறிவிப்பாளர் உண்மையான ஆள் அல்ல, இயந்திரக் குரல் என்று வெளிவந்தது. கேட்டவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. அந்தக் குரலுக்கு ஆசியப் பெண் ஒருத்தியின் பெயரையும் முகத்தையும் கொடுத்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அப்படி ஒரு வேலைக்காக விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

குரல் நடிகையின் முகத்தை யாரும் அறிவதில்லை. 1977 இல் வெளிவந்த 'டொட் அண்ட் த கங்காரு' படத்தில் காட்டில் தொலைந்த சிறுமி டொட்டுக்கு உயிர் கொடுத்தவர் பார்பரா ஃபிராலி. கோலா கரடிக்குட்டி பிளிங்கி பில்லின் குரல் ராபின் மூர். அந்தப் படங்களை உருவாக்கிய யோரம் கிராஸ், போலந்தில் நாசிகளிடமிருந்து தப்பிப் பிழைத்து, 1968 இல் இந்த நாட்டுக்கு வந்தவர். அப்படித் தப்பிப் பிழைத்த ஒருவர், இந்த மண்ணின் விலங்குகளை இந்த மண்ணின் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். ஆனால் டொட்டின் குரல் யாருடையது என்று தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பெயர் தெரியாத குரலைத்தான் எளிதாக எடுத்துவிடலாம்.

நோனியின் குரல் உங்கள் களஞ்சியத்தில் இருபத்துமூன்று ஆண்டுகள் அளவுக்குக் கிடக்கிறது. கதை சொல்லும் குரல், பாடும் குரல், கேள்வி கேட்கும் குரல், எல்லாம் சுத்தமான ஒலிப்பதிவில். ஒரு இயந்திரத்தைப் பழக்குவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவரது சம்மதம் இல்லாமல், அவருக்குப் பின் அவரது உரிமையாளர்களின் சம்மதம் இல்லாமல், அந்தக் குரலையோ வேறெந்தச் சிறுவர் நிகழ்ச்சிக் கலைஞரின் குரலையோ செயற்கைக் குரலாக்க மாட்டோம், மற்றவர்களுக்குக் கொடுக்கவும் மாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். நீங்கள் அப்படிச் செய்ய எண்ணியிருக்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. 1970 களில் நாடாவை அழித்தவர்களும் அப்படி எண்ணி வேலைக்கு வந்தவர்கள் அல்லர். அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன்.

இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், கேட்பதற்கு வேறு இடம் குறைந்துவிட்டது. முன்பு வணிகத் தொலைக்காட்சிகள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 390 மணி நேரம் சிறுவர் நிகழ்ச்சிகளை ஒளிபரப்ப வேண்டும் என்ற விதி இருந்தது. 2021 முதல் அது இல்லை. பாலர்களோடு அவர்களுடைய நாட்டின் உச்சரிப்பில் பேசும் பொறுப்பு ஏறக்குறைய முழுவதும் உங்கள் தோளில் வந்து விழுந்திருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நோனி அவர்களை ஒரு அறையில் உட்கார வைத்து, அந்தக் கமராவோடு பேசிய கலையைப் பற்றி நாள்கணக்கில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். விருது விழாவின் ஐந்து நிமிடம் போதாது. எப்படிக் காத்திருந்தார், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று எப்படித் தெரிந்தது, ஒரே ஒரு பிள்ளையோடு பேசுவதுபோல் எப்படிப் பேசினார், களைப்பான நாட்களில் என்ன செய்தார், நோராவாகவும் ஃபிரானாகவும் அழுதுவிட்டு வந்த கிழமைகளில் அந்த அறைக்குள் எப்படி நுழைந்தார்? இவற்றைக் கேட்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு கேளுங்கள். பாலர் பள்ளி ஆசிரியர்களாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பதிவைப் பாடமாக வைக்கலாம். நான் வேலை தொடங்கிய முதல் ஆண்டில் அப்படி ஒன்று கையில் கிடைத்திருந்தால் எத்தனையோ பிள்ளைகளின் விடையை முந்திக்கொண்டு நானே சொல்லியிருக்க மாட்டேன்.

என் மகளுக்கு இப்போது ஒரு மகன். வரும் சித்திரையில் மூன்று வயது. வீட்டில் தமிழ்தான் பேசுகிறான். மகள் அவனுக்கு முன்னால் பழைய சப்பாத்துப் பெட்டியை வைத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டுவிட்டு, பேசாமல் இருக்கிறாள். சென்ற ஞாயிறு அவன் "யானை" என்றான். அவள் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டம் யாரிடமிருந்து வந்தது என்று அவனுக்குக் காட்ட விரும்புகிறோம்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஹோம்புஷில் வாழும் ஒரு அம்மம்மா